இசைச் செல்வர் அப்துல் கரீம் கான்

முள்ளியவளையிலே பிறந்து வளர்ந்த எவருக்கும் இராகம் என்பது புதுமையன்று. காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரியும் இரவும், அதனைத் தொடர்ந்து வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலும், விடியும்வரை அண்ணாவிமார் ஆட்டுவிக்கும் கோவலன் கூத்தும் நமது செவிகளைச் சிறுவயதிலேயே பழக்கிவிட்டன. கொட்டகை நாடகம் பார்த்த முதியோர்க்கு இன்னும் ஒன்று நினைவிருக்கும். அரிச்சந்திர மயான காண்டம் போன்ற இசைநாடகங்களில் வரும் மெட்டுக்களிற் சில நமது கோயில் மேளத்தின் சாயலில் இரா. வேறொரு குழைவும் ஏக்கமும் அவற்றில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்ஸி நாடகக் குழுவினர் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்த ஹிந்துஸ்தானி மெட்டுக்களின் வாடையே அது. ஆகவே, பெயர் அறியாமலே ஹிந்துஸ்தானி இசையை நாம் அறிந்துதான் இருக்கிறோம்.

அவ்விசையின் மகாவித்துவான் ஒருவரின் சரிதத்தை இம்மலரில் எழுத எண்ணியபோது, இளைஞர் சிலர் ஒரு கேள்வியை எழுப்பினர். இந்து இளைஞர் மலரிலே ஒரு முஸ்லிம் பாடகரின் வரலாறு எதற்கு என்பதே அக்கேள்வி. கேள்வி நியாயமானதே, கேட்டவர்களைக் குறை கூறோம். அதற்கு நாம் தனியாக விடை சொல்லப் போவதில்லை. அவருடைய வாழ்க்கையைச் சொல்லுகிறோம். பெரியோரும் இளைஞரும் தாமே தீர்மானிக்கலாம்.

தில்லிக்கு வடக்கே, யமுனை நதிக்கு அண்மையில், கிரானா என்றொரு சிற்றூர் உண்டு. இன்று அதனைக் கைரானா என்பர். பாடகர்களும் சாரங்கி வாசிப்போரும் வீணை வாசிப்போரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் அது. அங்கே 1872ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆந் திகதி காலே கான் என்பவரின் மைந்தராக அப்துல் கரீம் பிறந்தார். தந்தையாரிடமும் சிறிய தந்தையார் அப்துல்லா கானிடமும் பயின்றார். குரலிசையோடு சாரங்கியும் வீணையும் கற்றார்.

அக்காலத்து வடநாட்டில் சாரங்கிக்காரர்களுக்குச் சபையில் உயர்ந்த இடம் கிடையாது. நடனமாதர்க்குப் பின்னால் நின்று வாசிப்பவர் என்ற இளப்பம் இருந்தது. பெரிய கவாய்கள், அதாவது பாட்டு வித்துவான்கள், அவர்களைச் சமமாக மதிப்பதில்லை. நமது நாட்டிலே மேளகாரரின் நாதஸ்வரத்தைக் கேட்டு உருகிவிட்டு, வாசித்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய பழைய வழக்கத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் சாரங்கியைக் கற்றதால் இழந்தது கௌரவமெனின், பெற்றது பெரிது. சாரங்கியின் நரம்பில் விரல் வழுக்கிச் செல்லும்போது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே வெட்டு விழாது. அந்த ஒட்டினைத் தம் தொண்டையிலே கொண்டு வந்தவர் அப்துல் கரீம்.

இளைஞராயிருக்கும்போதே சகோதரருடன் ஊர் ஊராகப் பாடிச் சென்று, பரோடா சமஸ்தானத்தில் அரண்மனைப் பாடகரானார். அங்கேதான் அவருடைய வாழ்க்கை திரும்பிற்று. அரச குடும்பத்தோடு உறவு கொண்டிருந்த சர்தார் மாருதிராவ் மானே என்னும் மராத்தியப் பிரபுவின் மகள் தாராபாய் இசை பயின்றவர். இருவருக்கும் அன்பு உண்டாயிற்று. அப்துல் கரீம் தம் உறவுப்பெண் கபூரனை ஏற்கனவே மணந்தவர். தாராபாயோ இந்துக் குடும்பத்துப் பெண். இருபுறத்திலும் சம்மதம் கிடைக்க வழியில்லை. இருவரும் பரோடாவை விட்டு வெளியேறி பம்பாய்க்குச் சென்று வாழத் தொடங்கினர். அரண்மனை உத்தியோகமும் அதனோடு போயிற்று. கபூரனுடைய நிலைமையை எண்ணும்போது நாம் இதனைப் புகழ்ந்து எழுத முடியாது. ஆனால் நடந்ததை மறைப்பதும் சரிதம் எழுதுவோர்க்கு அழகன்று.

பின்னர் அவர் நிலையாகக் கால் ஊன்றிய இடம் மிரஜ். தென் மகாராஷ்டிரத்திலே, கன்னட நாட்டு எல்லையையொட்டிய ஊர் அது. தம்புராவும் சிதாரும் செய்யும் கைவினைஞர்கள் நிறைந்த இடம்; இன்றும் இந்தியாவின் நல்ல தம்புராக்கள் பல அங்கிருந்தே வருகின்றன. அங்கு மீராசாகிப் தர்கா என்னும் பழைய அடக்கத்தலம் உண்டு. பிளேக் நோய்க்காலத்தில் அப்துல் கரீம் நோயுற்று, இத்தர்காவிலே பாடி வேண்டுதல் செய்து தேறினார் என்று அவ்வூரார் சொல்லுவர். அது முதலாக அவருக்கு மிரஜே ஊர் ஆயிற்று. நாகபுரியில் வாழ்ந்த தாஜுத்தீன் பாபா என்னும் மகானிடத்தும் அவர் பக்தி பூண்டிருந்தார். அந்த மகானை முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருங்கே வணங்கினர்.

அவருடைய பாட்டு எத்தகையது என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கயால் என்பது ஹிந்துஸ்தானி இசையின் தலையாய உருவம். இரண்டு மூன்று அடிகளையுடைய சிறு பாட்டை எடுத்துக்கொண்டு, அதனை வைத்து இராகத்தை விரிப்பது. நமது வித்துவான்கள் ஆலாபனையை முதலில் தாளமின்றிப் பாடிவிட்டுப் பின்பு கீர்த்தனைக்கு வருவர். கயாலிலோ தபேலாவின் தாளம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆலாபனையும் நடக்கும். அப்துல் கரீமுக்கு முன்னிருந்த வித்துவான்கள் பலர் குரல் வலிமையையும், தான்கள் எனப்படும் விரைந்த சுரக்கோவைகளையும், தாளச் சிக்கல்களையும் காட்டிச் சபையை வென்றனர். இவர் அவ்வழியை விட்டார். தாளத்தை மிக மெதுவாக்கி, ஒரு சுரத்தில் நின்று, அதனைச் சுற்றி வந்து, அடுத்த சுரத்தை நெருங்கி, தொடாமற் பின்வாங்கி, கடைசியில் அதனைத் தொடுவார். அந்த ஒரு சுரம் வந்தடையும்போது கேட்பவருக்குக் கண்ணீர் வரும். குரல் மெல்லியது, உச்சமானது, ஏறத்தாழப் பெண் குரல் போன்றது. முரசம் போன்ற குரலை ஆண்மையெனக் கருதிய பலர் இதனை முதலிற் கேட்டு நகைத்தனர். சிலர் இறுதிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இதனிலே தாளத்தின் கட்டுக்கோப்புக் குறைவு, சொல்லின் தெளிவு குறைவு என்று குற்றங்கூறினர். குற்றம் முழுதும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். சொல்லை விட்டுச் சுரத்தையே அவர் பிடித்தார்.

தம்புரா சுருதி சேர்ப்பதில் அவருக்கிருந்த கவனம் பெரிது. தந்தி ஒரு மயிரிழை விலகினாலும் பாடமாட்டார். இந்தச் செவிநுட்பம் ஆராய்ச்சியாளருக்கும் பயன்பட்டது. சாங்கிலியில் தேவால் என்ற ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், பழைய நூல்கள் கூறும் 22 சுருதிகள் கற்பனையா உண்மையா என்று அளந்து அறிய முனைந்தார். அவருடைய நூல் 1910இல் வெளிவந்தது. கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியும் இம்முயற்சியிற் சேர்ந்துகொண்டார். அவர்கள் அளப்பதற்குப் பாடிக்காட்டியவர் அப்துல் கரீம் கானே. ஒருவர் அளவுகோலோடு இருக்க, மற்றவர் செவியோடு இருந்தார். இச் சுருதிக் கணக்கைப் பிற்காலத்து அறிஞர் பலர் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

1913ஆம் ஆண்டில் பூனா நகரில் ஆரிய சங்கீத வித்தியாலயம் என்ற பாடசாலையை அவர் நிறுவினார். பிற்பாடு பம்பாயிலும் ஒரு கிளை நடந்தது. பெயரைக் கவனிக்க: முஸ்லிம் உஸ்தாத் ஒருவர் தம் பாடசாலைக்கு இட்ட பெயர் அது. அக்காலத்து உஸ்தாத்கள் தங்கள் குடும்பத்து இராகங்களைப் புதையல் போலக் காத்தனர். மகனுக்கும் மருமகனுக்கும் உரியது பிறருக்குக் கிடையாது. வெளியாள் ஒருவன் கற்க வேண்டுமாயின் ஆண்டுக்கணக்காக ஹூக்காவை நிரப்பிக்கொடுத்து, எண்ணெய் தேய்த்துவிட்டு, கிடைத்ததைப் பொறுக்கிக் கற்க வேண்டும். இவரோ பிராமணப் பிள்ளைகளுக்கும் மராத்தியப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் ஒரே பாயில் இருத்திப் பாடம் சொன்னார். மாணவர்கள் அவரோடு தங்கினர். அவர்களுடைய உணவுக்கும் உறைவிடத்துக்கும் வேண்டிய பணம் அவர் ஊர் ஊராகச் சென்று நடத்திய கச்சேரிகளிலிருந்தே வந்தது. டிக்கெட்டு வைத்து யாரும் வந்து கேட்கக்கூடிய கச்சேரிகள் அவை. அரண்மனைக்குள் சிலருக்காக நடந்தவை அல்ல.

இந்தக் காலத்துச் செய்தி ஒன்று இளைஞர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கான் சாகிப் ஒரு நாயை வளர்த்து, சுரத்தோடு ஒத்துக் குரல் கொடுக்க அதற்குப் பழக்கி, பம்பாயிலே சபையினர் முன் அதனை நிறுத்தினார். எதிர்த்து எழுதியோரும் உண்டு. நமக்கும் இது அத்தனை உவப்பாக இல்லை. ஆனால் நாய்க்கும் சொல்லிக்கொடுத்த அம்மனிதருக்கு மனிதப்பிள்ளைகளிற் பேதம் பார்க்கத் தோன்றாதது வியப்பன்று.

அவர் தெற்கே வந்த கதைக்கு இனி வருவோம். தமிழராகிய நமக்கு உறவு தொடங்குவது இங்கேதான். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் வடநாட்டு இசையையும் தென்னாட்டு இசையையும் ஒருங்கே ஆதரித்தவர். அவருடைய அழைப்பில் அப்துல் கரீம் பலமுறை மைசூருக்குச் சென்று பாடினார். சங்கீத ரத்ன என்ற பட்டமும் பெற்றார். மிரஜிலிருந்து மைசூருக்குப் போகும் வழியில் தார்வார், ஹுப்பளி என்னும் கன்னட ஊர்களில் தங்குவது வழக்கம். தார்வாரில் அம்பாபாய் என்ற கர்நாடக இசைப் பாடகியின் இல்லத்துக்குச் சென்று அவர் பாடக் கேட்பார். மதிப்புமிக்க உஸ்தாத் ஒருவர் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வேற்று இசையைக் கேட்டதை ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே பிற்காலத்தில் கங்குபாய் ஹங்கல் என்னும் பெயரோடு 2009 வரை வாழ்ந்த பெரும் பாடகி.

மைசூர் அரண்மனையில் தென்னாட்டு வித்துவான்களைக் கேட்டதோடு நில்லாது, அவர் கர்நாடக இசையைக் கற்கவும் தலைப்பட்டார். ஏற்கனவே புகழ் பெற்றுவிட்ட ஒருவர் மீண்டும் மாணவராவது எளிதன்று. சென்னைக்கு வந்து பாடினார். தென்னாட்டுச் சபையினர் அவரை விரும்பிக் கேட்டனர். வீணை தனம்மாளின் இல்லத்துக்குச் சென்று அவ்வம்மையாரின் வாசிப்பைக் கேட்டவர்களில் இவரும் ஒருவர். தியாகராஜ சுவாமிகளின் கரகரப்பிரியாக் கீர்த்தனை ஒன்றைத் தெலுங்கிலேயே பாடி இசைத்தட்டிலும் பதிவு செய்தார். உச்சரிப்பு நம்மவர் உச்சரிப்பன்று. கமகம் நம்மவர் கமகமன்று. இராமனை நோக்கிய உருக்கம் மட்டும் குறையவில்லை. அவ்விசைத்தட்டைக் கேட்டால், மொழி தெரியாத ஊரில் கோயிலைக் கண்டுவிட்டுக் கைகூப்பி நிற்கும் வழிப்போக்கர் ஒருவரை நாம் எண்ணுவோம்.

தெற்கிலிருந்து அவர் எடுத்துச் சென்றதும் உண்டு. நமது வித்துவான்கள் பாடும் கற்பனைச் சுரம் அவரைக் கவர்ந்தது. ஸரிகம என்று சுரத்தின் பெயரைச் சொல்லியே இராகத்தை விரிப்பது வடநாட்டுக் கயாலில் அன்று பெருவழக்காக இல்லை. அவர் அதனைத் தம் பாட்டில் இடையிடையே சேர்த்தார். பள்ளிப்பிள்ளைகளின் பாடத்தைச் சபையில் ஒப்பிப்பதா என்று வடநாட்டார் சிலர் இகழ்ந்தனர். இன்றைய வடநாட்டுப் பாடகர் எத்தனையோ பேர் தயக்கமின்றிச் சர்கம் பாடுகின்றனர். நம்மிடமிருந்து போன பொருள் அது என்பதை அறிந்து கேட்டால் இன்னும் இனிக்கும்.

இத்தனை பேருக்கு வீடாயிருந்தவரின் சொந்த வீடு உடைந்தது. தாராபாய்க்கும் அவருக்கும் ஐந்து பிள்ளைகள். ஆண்டுக்கணக்காகப் பாடசாலையும் கச்சேரியும் பயணமுமாகச் சென்ற வாழ்க்கையிலே மனக்கசப்பு மிகுந்தது. 1922ஆம் ஆண்டளவில் தாராபாய் பிள்ளைகள் ஐவரையும் அழைத்துக்கொண்டு பிரிந்து சென்றார். பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயர் இல்லாமற் போயிற்று. மூத்த மகன் சுரேஷ்பாபு மானே என்றும், மகள் ஹீராபாய் பரோடேகர் என்றும், இளைய மகள் சரஸ்வதி ராணே என்றும் உலகம் அவர்களை அறிந்தது. பாடசாலையும் அதன்பின் நிலைக்கவில்லை. பிறர் பிள்ளைகளுக்கு மனமாரக் கற்பித்த அவர், தம் பெண்மக்கள் மேடையேறிப் பாடுவதை மட்டும் விரும்பாதிருந்தார் என்பர். விந்தை யாதெனில், பிரிந்து சென்ற பின்னரே ஹீராபாய் தமையனிடமும் கிரானா வழியின் மற்றொரு மேதையான அப்துல் வஹீத் கானிடமும் கற்று, டிக்கெட்டு வைத்து நடத்திய கச்சேரியில் துணிந்து பாடிய முதற் பெண்களில் ஒருவரானார். குலப்பெண்கள் சபையில் பாடுவது கூடாதென்றிருந்த வழக்கம் அவரால் தளர்ந்தது. தந்தையின் குரலே அவர் தொண்டையில் இருந்தது. தந்தையின் இல்லம் மட்டும் இல்லை.

இவ்விடத்தில் யாரிடம் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படோம். கான் சாகிப் தமது மாணவி பானுபாய் லட்கரைப் பின்னர் மணந்து மிரஜிலேயே வாழ்ந்தார். முன்னிலும் தனிமையுடையவராக, முன்னிலும் உருக்கமாகப் பாடினார் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கின்றனர். அவருடைய சிறந்த இசைத்தட்டுக்கள் இந்தப் பிற்காலத்தவை. 1905ஆம் ஆண்டையொட்டி முதன்முதலில் பதிவுசெய்த தட்டுக்களும் உள. ஆயினும் 1930களின் நடுப்பகுதியில் ஓடியன் கம்பனிக்காகப் பாடியவையே ஊரெங்கும் பரவின. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் இடமில்லை. ஒரு மணிநேரம் விரிக்கவேண்டிய இராகத்தை அதற்குள் சுருக்கவேண்டும். பலர் அவசரப்பட்டுக் கெடுத்தனர். இவர் அந்த மூன்று நிமிஷத்திலும் அவசரப்படவில்லை. ஜிஞ்சோட்டி ராகத்தில் பாடிய தும்ரியும், பைரவியில் யமுனைக் கரையைப் பற்றிப் பாடியதும் அவ்வகையிற் சிறந்தவை. தும்ரி என்பது பெரும்பாலும் பிரிவாற்றாத பெண்ணின் கூற்றாக வருவது. நமது அகத்துறைப் பாடல்களோடும் பதங்களோடும் உறவுடையது.

அந்த ஜிஞ்சோட்டி இசைத்தட்டு ஒரு கடையில் ஒலிப்பதைக் கேட்ட கன்னடச் சிறுவன் ஒருவன், அவ்வண்ணம் பாடக் கற்றே தீருவேனென்று வீட்டாரிடம் சொல்லாமற் புறப்பட்டுவிட்டான். வடக்கே பல ஊர்களில் அலைந்து திரும்பி, இறுதியில் கான் சாகிபின் தலைமாணாக்கர் சவாய் கந்தர்வரிடம் சேர்ந்தான். அவரே 2011 வரை வாழ்ந்து, பாரத ரத்னம் பெற்ற பீம்சேன் ஜோஷி. சவாய் கந்தர்வருடைய இயற்பெயர் ராம்பாவு, குந்த்கோல் என்ற ஊரவர், பிராமணர். குரல் இயல்பாக வளையாதது. அதனைக் கான் சாகிப் ஆண்டுக்கணக்காக வளைத்தெடுத்தார். கங்குபாய் ஹங்கலும் சவாய் கந்தர்வரிடமே கற்றார். மற்றொரு மாணவி ரோஷன் ஆரா பேகம், பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குச் சென்று அங்கே புகழோடு வாழ்ந்தார். ஒரு குருவின் மாணவர் பரம்பரை இரண்டு நாடுகளிலும் பரவிற்று. நமது இலங்கையிலும் அமரதேவா முதலிய சிங்களப் பாடகர்கள் லக்னோவுக்குச் சென்று ஹிந்துஸ்தானி இசை கற்று வந்தனர். அது வேறு பள்ளியெனினும், அவ்விசைக்கு நாம் அந்நியரல்லர் என்பதற்காகச் சொன்னோம்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கான் சாகிப் சென்னைக்கு வந்து பாடினார். பின்பு பாண்டிச்சேரிக்குச் சென்று ஸ்ரீ அரவிந்தர் முன்னிலையிற் பாடுவதாக ஏற்பாடு. மாணவர்களுடன் இரவுப் புகையிரதத்தில் ஏறினார். வயது 65 நிறைவதற்கு இரண்டு கிழமையே இருந்தது. சென்னையைக் கடந்து செங்கல்பட்டை நெருங்குமுன் அவருக்கு நெஞ்சில் நோவு கண்டது. பொறுக்க முடியாமையால் சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் இறங்கிவிட்டனர். குன்றைக் குடைந்து நரசிங்கப் பெருமாளை எழுந்தருளச் செய்த பழைய திருத்தலம் அது. ஊருக்குப் பெயரும் அதனாலேயே. சிறிய நிலையம். நள்ளிருள். மேடையிலே படுக்கையை விரித்து அவரை இருத்தினர்.

கான் சாகிப் தம்புராவைச் சுருதி சேர்க்கச் சொன்னார். தர்பாரி ராகத்தை எடுத்து, இறைவனைத் தொழும் வாசகங்களை அதிலே மெதுவாகப் பாடினார். பாடி முடித்ததும் சாய்ந்தார். அக்டோபர் 27ஆந் திகதி அவ்விடத்திலேயே உயிர் பிரிந்தது. கிரானாவில் பிறந்தவர், மராத்திய நாட்டில் வாழ்ந்தவர், தமிழ் மண்ணில், பெருமாள் பெயர்கொண்ட நிலையத்தில், அல்லாவின் நாமத்தோடு மறைந்தார்.

உடலைச் சென்னைக்கு எடுத்துவந்து, அங்கிருந்து மிரஜுக்குக் கொண்டு சென்று, மீராசாகிப் தர்கா வளவிலே அடக்கஞ் செய்தனர். ஆண்டுதோறும் அத் தர்காவின் உருஸ் விழா நாட்களில், அவர் நினைவாக, இந்துப் பாடகரும் முஸ்லிம் பாடகரும் அங்கு கூடி இரவிரவாகப் பாடுகின்றனர். ஹீராபாயும் அங்கே சென்று தந்தையின் அடக்கத்தலத்தின் முன் அமர்ந்து பாடியிருக்கிறார்.